சிவப்புப் பெயின்ட் அடித்த பேஸ் ஸ்பீக்கர்

திருச்சி விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என் கடப்பிதழைப் புரட்டியபடி, "கோயிலாம்மா, கல்யாணமா?" என்று கேட்டார். மலேசியாவிலிருந்து என் வயதில் ஒருத்தி தனியாக வந்து இறங்கினால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? "ஒரு பழைய பேஸ் ஸ்பீக்கரோட விவரம் வேணும். தஞ்சாவூர்ப் பக்கம் கிடைக்குமான்னு பார்க்க வந்தேன்" என்றேன். அவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். "நெட்ல போட்டாலே வந்துருமேம்மா." போட்டுப் பார்க்காமலா விமானம் ஏறுவேன்? முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார்.

இணையத்தில் தேட ஒரு பெயராவது வேண்டும். ஈப்போவில் என் வீட்டுக் கூடத்தில் நிற்கிற இரண்டு பெட்டிகளுக்குள் இருக்கும் ஸ்பீக்கர்களுக்குப் பெயர் இல்லை. பதினைந்து அங்குலம், கறுப்புக் காகிதக் கூம்பு, முதுகில் பெரிய காந்தம். காந்தத்தின் மேல் கம்பெனித் தகடு இருந்த இடத்தை யாரோ உளியால் சுரண்டி, சிவப்புப் பெயின்ட் அடித்து, வெள்ளையில் 'சா.மு.' என்று எழுதியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் சேகர் இந்த ஜோடியை வாங்கியதே இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில்தான். கல்யாணமான மறுவருடம் ஒரத்தநாட்டில் என் அத்தை மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தோம். பந்தியில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஆளைக் காணவில்லை. தேடிப் போனால் மைக் செட்டுக்காரரின் பெட்டிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். பாயசம் வரைக்கும் வரவில்லை. ஊருக்குத் திரும்பும்போது என் பட்டுப்புடவைகள் பாதி அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டன, ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன.

சேகர் பேஸ் கிட்டார் வாசிப்பார். பகலில் மின்வாரிய வேலை, சனி ஞாயிறில் கல்யாணக் கச்சேரி, தோட்டத்துத் திருவிழாக் கச்சேரி. பேஸ் வாசிக்கிறவரை யாரும் கவனிப்பதில்லை. பாடுகிறவரோடு படம் எடுத்துக்கொள்வார்கள், கீபோர்டுக்காரருக்கு மாலை போடுவார்கள், இவர் ஓரமாக நின்று வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார். அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. குழுவின் ஒலிநாடாக்களை மகன் கைப்பேசிக்கு மாற்றித் தந்தான். ஆசையாகப் போட்டுக் கேட்டேன். பாட்டுக்காரர் கேட்கிறார், தபேலா கேட்கிறது, கைதட்டல்கூடக் கேட்கிறது. இவரை மட்டும் காணோம். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு ஆழம் எட்டாதாம். மகன் புதிய பேஸ் பெட்டி ஒன்று வாங்கி வந்து மாட்டினான். கார் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுற்றுகிற பையன்களின் இரைச்சல்தான் வந்தது.

கூடத்துப் பெட்டிகளில் போடலாமென்றால் இரண்டிலும் கூம்பு கிழிந்து, உள்ளே இருக்கிற காயில் கம்பிச்சுருளும் உரசுகிறது. ரிப்பேர் செய்கிற லிம், சேகருக்கு நாற்பது வருடச் சிநேகிதர். பிரித்துப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "புதுக் காயிலும் கூம்பும் போட்டால் சத்தம் வரும், அண்ணி. அந்தச் சத்தம் வருமா என்று சொல்ல முடியாது. எந்தக் கம்பெனி, எத்தனை ஓம், கூம்பு எந்த அலைவரிசையில் தானாக ஆடும், இவ்வளவும் தெரிந்தால் அப்படியே செய்து தருகிறேன். தெரியாமல் இதை வெட்டி எடுத்துவிட்டால் பிறகு பழையது திரும்பாது." அப்படித்தான் பயணப் பெட்டியைக் கட்டினேன்.

தஞ்சாவூரில் முதல் நாள். கீழவாசல் பக்கம் ஸ்பீக்கர் ரிப்பேர்க் கடை ஒன்றைக் கண்டுபிடிக்கும் முன் இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டேன். எங்கள் ஊரில் காப்பி கறுப்பாக, கசப்பாக, குவளை நிறைய வரும். இங்கே டபராவில் நுரையோடு நான்கு வாய். நான்கும் அமிர்தம்தான், ஆனால் ஐந்தாவது வாய்க்கு ஏங்க வைத்துவிடுகிறார்கள். கடைக்காரர் கைப்பேசியில் காந்தத்தின் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இது மைக் செட்டுக்காரங்க வேலைங்கம்மா. நல்ல ஸ்பீக்கர் கைக்கு வந்துருச்சுன்னா மொத வேலையா தகட்டைச் சொரண்டிருவாங்க. சொரண்டிப் பெயின்ட் அடிச்சு, சொந்தப் பேர எழுதிருவாங்க."

"எதுக்குங்க?"

"பக்கத்து ஊர்க்காரன் பார்த்துட்டான்னா? அவனும் அதையே வாங்கிப் போட்டுருவான்ல. திருவிழாவுல ரெண்டு செட்டு எதிரெதிரா நிக்கிறப்ப எவன் பெட்டி அதிருதோ அவனுக்குத்தான் அடுத்த வருஷ ஆர்டரு. கம்பெனிப் பேர மட்டும் செத்தாலும் வாயத் தொறக்க மாட்டாங்க."

ஆக, எங்கள் வீட்டில் இத்தனை காலம் நின்றது ஒருவருடைய தொழில் ரகசியம். 'சா.மு.' யாரென்று கேட்டேன். ஒரத்தநாட்டில் சாமிநாதன் மகன் முத்தையன் என்று ஒருவர் செட் வைத்திருந்ததாகவும், அவர் இப்போது இல்லை, பிள்ளை இருக்கிறார் என்றும் சொன்னார். அன்று சாயங்காலம் பாசிப்பருப்பில் கிண்டிய அசோகா வாங்கி, விடுதி அறையில் உட்கார்ந்து தின்றேன். நெய் விரலில் வழிந்தது. இது சேகருக்குப் பிடிக்குமே என்று இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்காமல் எடுத்து வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. பிரித்து அதையும் தின்றேன்.

மறுநாள் ஒரத்தநாடு பேருந்து. குறுவை அறுப்பு முடிகிற நேரம், சம்பா நடவு தொடங்குகிற நேரம், இரண்டும் ஒரே சாலையில் நடந்துகொண்டிருந்தன. சாலையின் பாதியில் நெல்லைக் கொட்டிக் காயப்போட்டிருந்தார்கள், மீதிப் பாதியில் நாங்கள் எல்லோரும் போனோம். ஒரு வாய்க்கால் பாலத்தில் எதிரே அறுவடை இயந்திரம் ஒன்று ஏறிவிட்டது. பின்னால் போக அதற்கு மனமில்லை, எங்கள் ஓட்டுநருக்கும் இல்லை. எல்லோரும் இறங்கிப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்து, "எந்தூரு?" என்றார். ஈப்போ என்றேன். "அங்கயும் இப்புடித் தண்ணி வருமா?" என்றார். மழை வரும், மலை இருக்கிறது என்றேன். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்பு மலை வந்து பார்வையை மறிக்கும். இங்கே பார்வையை நிறுத்த எதுவும் இல்லை. இப்படி வெறுமையாகக் கிடக்கிற தூரத்தைப் பார்த்தால் எனக்கு யாரோ வரப்போகிறார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒருவழியாக அறுவடை இயந்திரம்தான் தோற்றது. ஒரத்தநாட்டில் விரால் மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு முத்தையன் மகன் பாஸ்கரைப் பார்த்தேன். செட்டை விற்றுவிட்டுக் கல்யாண மண்டபங்களுக்கு எல்இடி திரை வாடகைக்கு விடுகிறார். படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அப்பா எழுத்துங்க இது! மொத்தம் நாலு இருந்துச்சு. ரெண்டு மலேசியாக்காரருக்குக் கொடுத்தேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அந்த வீடாம்மா நீங்க?"

"அந்த வீடுதான் தம்பி. என்ன கம்பெனின்னு அப்பா சொல்லியிருக்காரா?"

"எங்ககிட்டயே சொல்லலைங்க. கேட்டா, 'தொழிலுக்கு வா, அப்பறம் சொல்றேன்'னுவாரு. நான் வர்றதுக்குள்ள அவரு போயிட்டாரு."

சொல்லும்போது அவர் சிரித்தார், ஆனால் படத்தை உடனே திருப்பித் தரவில்லை. பெரிதாக்கி அந்த இரண்டு எழுத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார். மிச்ச இரண்டு ஸ்பீக்கரும் வலங்கைமான் பக்கம் கலியபெருமாள் என்பவரிடம் இருப்பதாகவும், இன்னும் பாடுவதாகவும் சொன்னார். "ஆனா திறந்து காட்ட மாட்டாருங்க. அந்தப் பேஸை வச்சுத்தான் அவருக்குப் பேரே. எத்தனையோ பேரு கேட்டாச்சு. 'கம்பெனிப் பேரு என்னோடயே கட்டையில வேகட்டும்'பாரு."

மூன்றாம் நாள் வலங்கைமானுக்குப் போகையில் ஆட்டோவின் கிளட்ச் வயர் அறுந்ததையும், ஒரு டிராக்டர் டிரெய்லரில் உரமூட்டை மேல் உட்கார்ந்து மிச்ச தூரம் போனதையும் மகனிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

கலியபெருமாளின் வீடு ஊருக்கு வெளியே, வயல் ஓரத்தில். பின்னால் தென்னந்தோப்பு, அதை ஒட்டித் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. வேட்டியை மடித்துக் கட்டி, காதில் பென்சில் செருகி, ஐம்பத்தைந்து வயதுக்கு நல்ல கம்பீரமாக வந்தார். ஸ்பீக்கர் என்று நான் வாயெடுத்ததும் முகம் மாறிவிட்டது.

"பாபநாசத்து மைக் செட்டுக்காரன் அனுப்புனானா?"

"நான் மலேசியாவுல இருந்து வர்றேங்க."

"மலேசியாவுக்கே ஆள் புடிச்சிட்டானா!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உரத்தூள் ஒட்டிய புடவையோடு நிற்கிறவளைப் பார்த்து வேவுக்காரி என்றால் யாருக்குத்தான் வராது? கைப்பேசியை எடுத்து என் வீட்டு ஸ்பீக்கரின் முதுகைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் அப்படியே கொட்டகைத் தூணில் சாய்ந்துவிட்டார். "சா.மு." என்று மெல்லப் படித்தார். "இது என் பெட்டிக்குள்ள இருக்கறதோட கூடப் பொறந்ததுல்ல!" என்று உள்ளே திரும்பி, "ஏ சாந்தி, இங்க வந்து பாரு, நம்ம ஜோடியோட மத்த ரெண்டும் மலேசியாவுல இருக்கு!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு நான் விருந்தாளி. சாந்தி கெண்டை மீன் வறுத்து, கீரை மசித்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மூன்றாம் முறை சோறு வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே சேகரைப் பற்றிச் சொன்னேன். ஊரில் லிம்மிடம் சொன்னேன், மகனிடம் சொன்னேன், எல்லோரிடமும் கோர்வையாகச் சொல்லியிருக்கிறேன். இங்கே முன்பின் தெரியாத வீட்டில், மீன் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு, "அவரோட சத்தம் மட்டும் எதுலயும் வர மாட்டேங்குதுங்க" என்றபோது கோர்வை அறுந்துவிட்டது. சாந்தி முள்ளை வாங்கி இலை ஓரத்தில் வைத்தார். கலியபெருமாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

கை கழுவியதும் நேரே கொட்டகைக்குப் போய்த் திருப்புளியை எடுத்தார். "வாங்க" என்றார். பெரிய பெட்டியைத் தரையில் சாய்த்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். இடையில் ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினார். ஸ்பீக்கரை இரண்டு கையாலும் தூக்கிக் குப்புற வைத்தார்.

அதே சிவப்பு. அதே வெள்ளை எழுத்து. அதே உளி சுரண்டிய தழும்பு.

"தகடு இல்லையே" என்றேன்.

"அது எப்புடிம்மா இருக்கும்? முத்தையன் அண்ணன் கொடுக்கறப்பயே இப்புடித்தான்."

"அப்ப கம்பெனிப் பேரு?"

கலியபெருமாள் காதிலிருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி செருகினார். மனைவி வாசலில் நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். "எனக்கும் தெரியாதும்மா" என்றார். "வாங்கி வந்த அன்னைக்கே பாபநாசத்துக்காரன் கேட்டான். சொல்ல மாட்டேன்னுட்டேன். அப்பறம் எல்லாரும் கேட்க ஆரம்பிச்சாங்க. தெரியாதுன்னு இனிமே எப்புடிச் சொல்றது?"

இத்தனை வருடமும் மனுஷன் தனக்கே தெரியாத ரகசியத்தைக் காத்திருக்கிறார். திருமணத்துக்குப் பிறகு மனைவியிடம்கூட 'உனக்கெதுக்கு' என்று சொல்லி வைத்திருக்கிறார். இன்னொரு நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அந்த நேரத்தில் என்னால் முடியவில்லை. அந்தப் பெயர் முத்தையனோடு போய்விட்டது, இனி உலகத்தில் யாரிடமும் இல்லை. கடல் தாண்டி வந்ததெல்லாம் வீணா? ஒரு கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து, லிம்முக்கு வீடியோ கால் போட்டு அழாத குறையாகச் சொன்னேன்.

லிம் அங்கிருந்து கத்தினார். "அண்ணி, பெயர் கிடக்கட்டும்! அந்த ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா?" இருக்கிறது என்றேன். "அப்புறம் என்ன? அதையே அளந்துவிடலாம். அவரிடம் மீட்டர் இருக்கிறதா கேளுங்கள்."

கலியபெருமாளிடம் மீட்டர் இருந்தது. அடுத்த ஒரு மணி நேரம் நான் மொழிபெயர்ப்பாளர். லிம் மலாயில் கத்த, நான் தமிழில் சொல்ல, கலியபெருமாள் நான் முடிக்கும் முன்பே பதில் கத்த, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் செவிடு என்று நினைத்துக்கொண்டார்கள். காயிலின் தடை ஆறரை ஓம் காட்டியது. அப்படியென்றால் எட்டு ஓம் ஸ்பீக்கர் என்றார் லிம். கூம்பின் ஆழத்தையும் காந்தத்தின் விட்டத்தையும் கலியபெருமாள் நாடாவால் அளந்தார். கடைசியாகத்தான் முக்கியமான அளவு. ஸ்பீக்கரை வெறுமனே தொங்கவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்கும் அதற்கும் நடுவில் ஒரு பெரிய ரெசிஸ்டரைக் கட்டி, லிம் அனுப்பிய ஒற்றை ஒலியை அடியாழத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினோம். ஸ்பீக்கரில் மாட்டியிருந்த மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. ஒலி முப்பத்தெட்டு ஹெர்ட்ஸைத் தொட்டபோது அது உச்சிக்குப் போய், தாண்டியதும் இறங்கத் தொடங்கியது. "அதுதான்! அந்த முப்பத்தெட்டுதான் அதன் சுபாவம்!" என்று லிம் துள்ளினார். நான் சொல்லும் முன்பே கலியபெருமாளுக்குப் புரிந்துவிட்டது. காதுப் பென்சிலை எடுத்துப் பெட்டியின் உள்பக்கப் பலகையில் 38 என்று பெரிதாக எழுதினார். இனிமேல் யாராவது கேட்டால் சொல்ல அவருக்கும் ஒன்று இருக்கிறது.

"வந்துவிடுங்கள் அண்ணி, அப்படியே செய்து தருகிறேன்" என்று லிம் வைத்துவிட்டார். எனக்கு வந்த காரியம் முடிந்தது. கிளம்புகிறேன் என்று எழுந்தேன்.

கலியபெருமாள் விடவில்லை. "இருங்கம்மா. அவரு வாசிச்சது போன்ல இருக்குன்னீங்கள்ல? எடுங்க."

ஸ்பீக்கரைத் திரும்பப் பெட்டிக்குள் முடுக்கி, ஜோடியைக் கொட்டகைக்கு வெளியே இழுத்து, வயலைப் பார்த்து வைத்தார். அதன் மேல் மற்றப் பெட்டிகள், அவற்றுக்கும் மேல் இரண்டு ஹார்ன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர். வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். என் கைப்பேசியை வயரில் கோத்தார். ஈப்போவில் ஏதோ ஒரு கல்யாண வீட்டுக் கச்சேரி. பாட்டுக்காரர் எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் ஆரம்பித்தார். கீபோர்டு, தபேலா, கூட்டத்தின் விசில். எல்லாவற்றுக்கும் அடியில், முதன்முறையாக, இருந்தும் இல்லாததுபோல், சேகர்.

"இதுல உங்க வீட்டுக்காரரு எதும்மா?"

"அடியில போறாரே, அதுங்க."

கலியபெருமாள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஆம்ப்ளிஃபயர்கள் இருந்த உள்பக்கம் போனார். முதலில் ஹார்ன் அடங்கியது. விசிலும் கைதட்டலும் போயின. அடுத்து நடுப்பெட்டிகள். பாட்டுக்காரர் வாயைப் பொத்தியதுபோல் காணாமல் போனார், கீபோர்டும் தபேலாவும் போயின.

மிச்சம் இருந்தது அவர் மட்டும்தான்.

அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தார். சுரம் மாறும் இடத்தில் விரலை ஒரு இழுப்பு இழுத்து இறக்குவார், அந்த இழுப்பு வந்தது. சரணத்தில் ஒரு இடத்தில் வேண்டுமென்றே ஒரு தட்டுத் தாமதித்தார். காரில் என் தோளில் தாளம் போடும்போதும் அங்கே அப்படித்தான் நிறுத்துவார். நான் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்தேன். பலகை அதிர்ந்து முழங்கை வரைக்கும் வந்தது. எனக்கு அவர் வேண்டும் என்றிருந்தது. இத்தனை கச்சேரிகள், இத்தனை வருடங்கள், அவரைக் கேட்பதற்காக ஒருவரும் மற்றவர்களை நிறுத்தியதில்லை.

நடவு வரிசையில் ஒரு பெண் முதுகை நிமிர்த்தி, சேற்றுக் கையை நெற்றிக்குக் கொடுத்து எங்கள் பக்கம் பார்த்தாள்.

"என்னாண்ணே, பாடுறவன வெரட்டிவுட்டுட்டியா? வெறும் தும்முதும்முன்னு வருது?"

கலியபெருமாள் கொட்டகை வாசலுக்கு வந்து வயலைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"இந்தம்மாவோட வீட்டுக்காரரு வாசிச்சிக்கிட்டிருக்காரு. பேசாம நடுங்க!"